ஆயர் இல்லாத முல்லை

மோதி பாக் அரசுக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறைப் பேச்சு மாறிவருகிறது. கும்பகோணத்துக்கும் திருநெல்வேலிக்கும் ரயிலில் இடம் கிடைத்ததா என்று கேட்டுக்கொண்ட வீடுகளில் இன்று மசாய் மாராவும் செரெங்கெட்டியும் பேசப்படுகின்றன. சேமித்த பணத்தில் உலகைக் காணச் செல்வதில் குற்றமில்லை. திரும்பி வந்து, ‘மனிதக் காலடியே படாத பூமி’ என்று படங்களின் கீழ் எழுதுவதில்தான் குற்றம் இருக்கிறது.

அந்த வாசகம் பொய். தென்மேற்குக் கென்யாவில் பழங்கால மாட்டுப் பட்டிகள் இருந்த இடங்களை ஆராய்ந்தோர் 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே தேங்கத் தொடங்கிய சாணம் இன்றளவும் மண்ணை வளப்படுத்துகிறது. அத்திட்டுகளின் செழும்புல்லை நாடியே காட்டு விலங்குகள் வருகின்றன. வரிக்குதிரை மேயும் புல்லில் மேய்ப்பனின் உழைப்பும் கலந்திருக்கிறது.

அந்த மேய்ப்பன் எங்கே போனான்? செரெங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. 1959இல் பிரித்தானிய ஆட்சி மசாய் மக்களை அங்கிருந்து ங்கொரொங்கோரோவுக்கு அகற்றியது. 2022 ஜூனில், அருகிலுள்ள லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நட வந்த காவல்துறையோடு மசாய் மக்கள் மோத நேர்ந்தது. படங்களில் தெரியும் வெறுமை இயற்கை தந்ததன்று, ஆணைகளால் உண்டாக்கப்பட்டது.

அதே வெறுமையை இந்தியாவும் விரும்புகிறது. மத்தியப் பிரதேசத்தின் குனோவில் ஆசியச் சிங்கங்களுக்காக 24 ஊர்கள் காலி செய்யப்பட்டன. வெளியேறியோரில் பெரும்பாலோர் சகாரியா பழங்குடியினர். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் கிர் காட்டிலிருந்து ஒரு சிங்கமும் வரவில்லை. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் வந்தன. அம்மக்கள் உழுத வயல்களே இன்று அங்கே புல்வெளிகள். அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. காட்டுப் பட்டிகளிலேயே வளர்ந்து வந்த பர்கூர் மாட்டினம் இனி எங்கே மேயும் என்ற கவலை மலைமக்களுக்கே விடப்பட்டது.

‘பூங்கா இல்லையேல் விலங்கு ஏது?’ என்று கேட்பார்கள். வேட்டையும் சுரங்கமும் காட்டை விழுங்கும் காலத்தில் அது நியாயமான கேள்வியே. விடையும் கென்யாவிலேயே இருக்கிறது. மசாய் மாராவை ஒட்டிய நிலங்களை மசாய் உரிமையாளர்கள் சுற்றுலாவுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள், வாடகை பெறுகிறார்கள், வகுத்த முறைப்படி மாடும் மேய்க்கிறார்கள். சிங்கம் அங்கும் உலவுகிறது. குறைகள் அந்த ஏற்பாட்டிலும் உண்டு. ஆயினும் மனிதனை விரட்டினால்தான் விலங்கு வாழும் என்ற வாதம் அங்கே தோற்றுவிட்டது.

மோதி பாக்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு. முல்லைத் திணையின் கருப்பொருளை எழுதும் மாணவர் மானையும் முயலையும் மட்டும் எழுதிவிட்டு ஆயரை விட்டுவிட்டால் விடை முழுமையாகாது. ஏறுகோட்பறையும் ஆநிரை மேய்த்தலும் சேர்ந்ததே முல்லை. பிள்ளைகள் தவறவிடக் கூடாத அந்தப் பெயரைப் பெற்றோர் மட்டும் தவறவிடலாமா? அவர்களில் பலர் அரசுக் கோப்புகளைக் கையாள்வோர். மேய்ப்பவரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று கோப்பில் குறிக்குமுன், தம் பிள்ளையின் தமிழ்ப் பாடநூலை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.