டப்பாவைக் கொட்டுவதும் சமையலே!

– இளம் அறிவியல் (வேதியியல்) இரண்டாமாண்டு மாணவன்

"ஏன்டா தம்பி, டப்பாவைக் கொட்டுறதுக்குப் பேர் சமையலா?"

நான் மாலை வேளைகளில் வேலை பார்க்கும் பேக்கரியின் மாஸ்டர் கேட்ட கேள்வி இது. முப்பது ஆண்டுகளாக மாவைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்பவர் அவர். அவரிடம் எதிர்வாதம் புரியும் துணிவு அன்று எனக்கில்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் புரிகிறேன்!

நடந்தது இதுதான். எங்கள் நீலகிரியில் ஸ்ட்ராபெரி விளைகிறது. கேக்கின்மேல் வைக்க வாங்கியதில் அரைக்கிலோ, நசுங்கி மிஞ்சிவிட்டது. அலமாரியில் ஒரு கேக் மிக்ஸ் பெட்டியும் இருந்தது. இவ்விரண்டையும் கொண்டு அமெரிக்க வீடுகளில் எளிதாகக் 'காப்ளர்' செய்வார்கள் என்று படித்திருந்தேன். பழத்தின்மேல் மாவைப் பரப்பிச் சுடும் பண்டம் அது. இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறியவர்கள், தங்கள் ஊர்ப் புட்டிங் செய்யப் பொருளும் வசதியும் போதாமல், கிடைத்ததை வைத்துச் செய்துகொண்டது. இல்லாதவர் வீட்டுப் பலகாரம் என்றே சொல்லலாம்.

அரைக்கிலோ பழத்தை நறுக்கி, சிறிது சர்க்கரை பிசறித் தட்டில் பரப்பினேன். அதன்மேல் 250 கிராம் கேக் மிக்ஸை உலர்ந்த பொடியாகவே தூவினேன். முட்டை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கிளறவே கூடாது! மேலே 100 கிராம் வெண்ணெய். 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் முக்கால் மணி நேரம்.

தண்ணீரே ஊற்றாமல் மாவு எப்படி வேகும் என்று கேட்பீர்கள். சூட்டில் பழச்சாறு கொதித்துக் கீழிருந்து மாவை நனைக்கிறது. வெண்ணெய் உருகி மேலிருந்து இறங்குகிறது. மிக்ஸில் கலந்திருக்கும் சோடியம் பைகார்பனேட்டும் அமில உப்பும் ஈரம் பட்டதும் வினைபுரிய, கரியமில வாயு கிளம்பி மாவை உப்பச் செய்கிறது. சோதனைக்கூடத்தில் இதற்கு மதிப்பெண் உண்டு. அடுக்களையில் ஏனோ இல்லை!

ஆனால் முதல் முறை நான் தோற்றேன். வெண்ணெயை நான்கு கட்டிகளாக நான்கு மூலையில் வைத்துவிட்டேன். நடுவில் மாவு வெள்ளைப் பொடியாகவே நின்றது. மாஸ்டர் சிரித்தார். மறுவாரம் மெல்லிய துண்டுகளாகச் சீவி மேற்பரப்பு முழுவதும் அடுக்கினேன், பொன்னிறமாக வந்தது. இந்த நுட்பம் அந்தப் பெட்டியில் அச்சாகியிருக்கவில்லை. அந்த மட்டில் மாஸ்டர் பக்கம் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் கேட்கிறேன்: சொல்லித்தர ஆளில்லாதவன் என்ன செய்வான்? 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகர மாவு நிறுவனம் ஒன்று விளம்பரத்திற்காகப் புதிர்ப் போட்டி நடத்தியது. விடைகளோடு, ரொட்டியும் கேக்கும் சுடுவது பற்றிய ஐயங்களும் கடிதங்களாக வந்து குவிந்தன. வீட்டில் கேட்க ஒருவர் இருந்தால் மாவுக் கம்பெனிக்கு எவர் எழுதுவார்? பதில்களில் கையொப்பமிட 'பெட்டி க்ராக்கர்' என்றொரு பெண்ணையே கற்பித்தார்கள். (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. ஆனாலும் எத்தனையோ வீடுகளுக்கு அவள் பாட்டியானாள். 1947இல் அவள் பெயரிலேயே கேக் மிக்ஸும் வந்தது.

இதை நான் வியாபாரத் தந்திரம் என்று மட்டும் ஒதுக்க மாட்டேன். என் பெற்றோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் எதை எங்கே நிரப்புவது என்று கேட்க ஒருவரும் இல்லை. அறிவுரைப் பக்கத்தை அச்செடுத்து, நான்கு முறை வரிவரியாகப் படித்து நானே நிரப்பினேன். "இதையெல்லாமா படிப்பாங்க?" என்று உடன் வந்த நண்பன் நகைத்தான். அவன் தந்தை ஆசிரியர். அவனுக்கு வீட்டிலேயே வாய்மொழியாகக் கிடைத்துவிட்டது. எனக்கு அச்சில் கிடைத்தது. இருவரும் ஒரே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறோம்.

சென்ற சனிக்கிழமை மாஸ்டர் தாமாகவே ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். "உப்பு ஒரு சிட்டிகை குறையுதுடா" என்றார். சிட்டிகை என்றால் எத்தனை கிராம் மாஸ்டர் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.