முப்பது வயதோடு நிற்கும் மாத்திரை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோரின் மலத்தைப் பரிசோதித்து, 2013ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 38 பேரின் குடலில் கொக்கிப்புழு இருந்தது. அதன் பிறகும் அந்த மலையில் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பூச்சி மாத்திரையை எத்தனை முறை கொடுத்தால் பலன் கிடைக்கும் என்று 45 மலைக் கிராமங்களில் சோதித்தார்கள். அடுத்து இந்தியா, பெனின், மலாவி ஆகிய மூன்று நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றுக்கு, இந்தியாவின் சார்பில் திமிரி வட்டாரத்தோடு ஜவ்வாது மலையும் தேர்வானது. குழந்தைகளுக்கு மட்டும் கொடுப்பதற்குப் பதிலாக ஊரில் உள்ள அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டுகள் மாத்திரை கொடுத்தால் புழு பரவுவதை நிறுத்த முடியுமா என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. மலை மக்கள் ஒத்துழைத்தார்கள். உலகம் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. அந்த அறிவு அவர்களுக்கே திரும்பிச் சேர வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இன்றைய நிலையைப் பாருங்கள். தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் 2015இல் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைக் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு ஒரு படி மேலே சென்று, 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களையும் சேர்த்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பதில்லை. பெண்களைச் சேர்த்த அந்த முடிவு பாராட்டுக்குரியது. ஆனால் 31 வயதுப் பெண்ணுக்கு அந்த மாத்திரை இல்லை. கொல்லையில் களை எடுப்பவள், சாமை அறுப்பவள், விறகும் தண்ணீரும் சுமப்பவள், இன்னும் ஒரு பிள்ளை பெறும் வயதில் இருப்பவள் அவள்தான். கொக்கிப்புழு குழந்தைப் பருவத்தோடு விட்டுப்போகும் நோயும் அல்ல. உருண்டைப்புழு பிள்ளைகளிடம் அதிகம்; கொக்கிப்புழுவோ வயது ஏற ஏறக் கூடும். ஜவ்வாது மலையில் மிகுதியாக இருப்பது இந்த இரண்டாவதுதான்.

அது உடலுக்குள் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். திறந்தவெளியில் கழித்த மலத்திலிருந்து முட்டைகள் ஈரமான, நிழலான மண்ணில் பொரிகின்றன. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் போய்த் தங்குகிறது. அங்கே வாயைப் பதித்து ஆண்டுக்கணக்கில் ரத்தம் குடிக்கிறது. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள வகையில் ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தைப் போக்கும். நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. மாதவிலக்கில் ஒரு பெண் இழக்கும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். அதாவது அவள் மாதம் இருமுறைக்கும் மேல் தூரமாகும் அளவு ரத்தத்தை, வலியில்லாமல், தெரியாமல் இழந்துகொண்டிருக்கிறாள். ஆணுக்கும் இதே புழுதான். ஆனால் மாதவிலக்கும் பேறுகாலமும் தாய்ப்பாலும் சேரும்போது பெண்ணின் உடலில் இரும்புச்சத்தின் இருப்பு முதலில் தீர்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதற்கு நம்மிடம் இருக்கும் பதில் சத்து மாத்திரை. அது தேவைதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கிறது; அதையும் குறை சொல்லவில்லை. ஆனால் புழு உள்ள குடலோடு இருப்பவளுக்குச் சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். பிறகு அடுத்த பரிசோதனையிலும் ‘ரத்தம் கம்மி’ என்று வந்தால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அந்தப் பெண்ணையே திட்டுகிறோம். இந்த அநியாயம் முதலில் நிற்க வேண்டும்.

ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு உதிரப்போக்கே உயிரைப் பறிக்கும். ஜவ்வாது மலையில் இந்த ஆபத்து இரட்டிப்பு. 2023 மே மாதம் இதே மலைத்தொடரின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் தாய் கையில் ஏந்தி நடந்ததை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட பாதையில் உதிரப்போக்கோடு ஒரு பெண்ணை எத்தனை நேரத்தில் கீழே இறக்க முடியும்? சாலை போட ஆண்டுகள் ஆகலாம். அவள் உடலில் ரத்தம் ஊற வைக்க ஆறு மாதம் போதும்.

எல்லோருக்கும் மாத்திரை என்றால் கர்ப்பிணிகளுக்கு ஆபத்தாகாதா என்ற கேள்வி எழும். முதல் மூன்று மாதம் கொடுக்கக் கூடாது என்பது சரி. இரண்டாம் மூன்று மாதத்தில் கொடுக்கலாம் என்று ரத்தசோகை ஒழிப்புக்கான இந்திய வழிகாட்டுதலே சொல்கிறது. குடற்புழு 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள இடங்களில் 15 முதல் 49 வயது வரையுள்ள, கர்ப்பமில்லாத பெண்களுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. ஜவ்வாது மலையில் 2013இல் கண்ட அளவு அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது அந்தந்த ஊர் ஆஷாவுக்கும் கிராம செவிலியருக்கும் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். புதிய துறை வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். வயது வரம்பைத் தளர்த்தும் ஓர் அரசாணை வேண்டும்.

ஆண்களையும் விடக் கூடாது. கணவன் காலைக்கடன் கழிக்கும் மண்ணில்தான் மனைவி வெறுங்காலோடு நிற்கிறாள்.

மாத்திரையோடு வேலை முடிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நூறாண்டுக்கு முன் இலங்கைத் தோட்டங்களில் நம் இனத்தவர் பட்ட அனுபவம் கண்முன் இருக்கிறது. 1916இல் மாத்தளையில் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டத் தோட்ட நிர்வாகங்கள் பின்வாங்கின. புழு திரும்பி வந்தது. ஜவ்வாது மலையிலும் கழிப்பறை கட்டியதாகக் கணக்குக் காட்டினால் போதாது. தண்ணீர் வராத கழிப்பறைக்கு ஒரு குடம் கூடுதலாகச் சுமக்கப்போவது யார்? அதே ரத்தசோகைப் பெண்தான். குழாய் வந்த பிறகுதான் கதவு திறக்கும். செருப்புப் போடச் சொல்லி அறிவுரை வழங்குவதும் எளிது. மழைக்காலச் சேற்றில், சரிவான கொல்லையில் ரப்பர் செருப்பு வழுக்கும். கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். பிடிப்புள்ள, விலை குறைந்த காலணியை நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களுக்காவது அரசு கொடுக்கட்டும்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. எல்லையைக் காட்டி ஒருவர் மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளிவிட இது வசதியாகிவிடக் கூடாது. மூன்று மாவட்ட ஆட்சியர்களும் சுகாதார அலுவலர்களும் ஒரே நாளில், ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் அல்லேரியிலும், வயது பாராமல் பெரியவர் அனைவருக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கட்டும். அன்றே பெண்களின் ரத்தத்தைச் சோதித்து அளவைக் குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதித்து, கிராம சபையில் அந்த எண்ணை வாசிக்கட்டும். அடுத்த குடற்புழு நீக்கச் சுற்றிலேயே இதைத் தொடங்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும்.