கல்லைத் தட்டுவதும் கடலைத் தட்டுவதும்

எங்கள் திருமுருகன்பூண்டியில் சிற்பக் கூடங்களின் உளிச்சத்தம் கேட்காத நாளில்லை. நல்ல சிற்பி கல்லைக் கண்டதும் செதுக்கத் தொடங்குவதில்லை. சுத்தியலால் தட்டிக் காது கொடுக்கிறார். உள்ளே விரிசல் இருந்தால் நாதம் மங்கிவிடும். ஆண்கல், பெண்கல், அலிக்கல் என ஒலியைக் கொண்டே கல்லைப் பிரித்த மரபு அது. கடலடியில் எண்ணெய் தேடுவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தத் தட்டல்தான் நினைவுக்கு வருகிறது.

அங்கே சுத்தியலுக்குப் பதில் காற்றுத் துப்பாக்கி. கப்பலொன்று அதை நீருக்குள் இழுத்துச் சென்று, அழுத்திய காற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை வெடிப்பாக வெளியேற்றும். அந்த ஒலி நீரைக் கடந்து பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, அடுக்கு மாறும் இடங்களிலெல்லாம் எதிரொலித்துத் திரும்பும். கப்பலின் பின்னே கிலோமீட்டர்க் கணக்கில் மிதந்து வரும் வடங்களிலுள்ள ஒலிவாங்கிகள் அதைப் பதிவு செய்யும். எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு அடுக்குகளின் வளைவும் முறிவும் கணிப்பொறியில் படமாகின்றன. 1960களில் சோவியத் ஆய்வுக் கப்பலொன்று இப்படித் தட்டிப் பார்த்ததன் தொடர்ச்சியாகவே, 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ துளையிட்டு பாம்பே ஹை எண்ணெயைக் கண்டது.

ஆனால் எதிரொலி சொல்வது பெரும்பாலும் பாத்திரத்தின் வடிவத்தைத்தான். உள்ளே பாலா, தண்ணீரா என்பதை உறுதியாகச் சொல்வதில்லை. மன்னார்ப் படுகையின் இலங்கைப் பகுதியில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய முதல் இரு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது; மூன்றாவது வெறுங்கிணறு. மூன்றுமே அதிர்வுப் படம் பார்த்துக் குறித்த இடங்கள்.

தட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. கல்லுக்கு வலிக்காது, கடலில் உயிர்கள் இருக்கின்றன. நார்வே அறிஞர்கள் 1992இல் பேரண்ட்ஸ் கடலில் செய்த சோதனையில், வெடிப்பு தொடங்கியபின் இழுவலையில் சிக்கிய காட் மீன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நிறுத்தி ஐந்து நாள் கழித்தும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 2017இல் வெளியான தாஸ்மேனிய ஆய்வு, வெடிப்பிலிருந்து 1.2 கிலோமீட்டர் தொலைவுவரை மிதவை நுண்ணுயிர்கள் மடிந்ததைக் காட்டியது. வேறு சில ஆய்வுகளில் பாதிப்பு இதைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் கடலில் அளந்து பார்க்காமல் இரு தரப்பும் அறுதியிட்டுப் பேச முடியாது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் கரை இருக்கிறது. 1976 ஒப்பந்தத்தில் இலங்கை அதை இந்தியாவுக்குரியதென ஏற்றுக்கொண்டது. அதையொட்டிய ஆழ்கடலை எண்ணெய்த் தேடலுக்கு ஒதுக்கியதை எதிர்த்து மீனவர்கள் அண்மை ஆண்டுகளில் போராடினார்கள். 2020 சனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் செய்த திருத்தம், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘பி2’ வகைக்கு மாற்றியது. அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. இது தவறு என்பதே எங்கள் கருத்து.

தேடவே கூடாது என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. இங்கே பின்னலாடையில் கலக்கும் பாலியெஸ்டர் நூல் கச்சா எண்ணெயின் பேரப்பிள்ளை. அதை ஏற்றிப்போகும் லாரியும் டீசலில்தான் ஓடுகிறது. (பனியன் முழுக்கப் பருத்தியே என்று சாதிக்கும் நண்பர்கள் மன்னிக்க.) நாங்கள் கேட்பது, தட்டுவதற்கு முன் கரையோர ஊர்களில் தமிழில் விளக்கிக் கேட்பு நடத்தவேண்டும் என்பதுதான்.

ஏனென்றால் எப்போது தட்டுவது என்பதே எளிய கேள்வியில்லை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் 61 நாளில் நடத்தினால் கிழக்குக் கரையில் விசைப்படகுக்காரருக்கு நட்டமில்லை. ஆனால் அந்தத் தடையே மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்பட்டது. மற்ற மாதங்களில் நடத்தினால் வலை வெறுமையாகும். இரண்டில் எந்த நட்டத்தை ஏற்பது என்பதை டெல்லி அலுவலகத்தில் இருப்பவரைவிடக் குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் படகு வைத்திருப்பவர்கள் நன்றாகவே சொல்வார்கள்.