மேல்தளம் ஒழுகினால் யார் பார்ப்பது?



ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரையில் மாசி வீதிகளிலும் மாரட் வீதிகளிலும் உள்ள கிட்டங்கிகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மூட்டை அடுக்கின் மேல் தார்ப்பாய் விரித்திருக்கும். அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். மேல்தளத்திலிருந்து இறங்கும் தண்ணீரை அது பிடித்துக்கொண்டிருக்கும். வாளி நிறைந்தால் கொட்டுவதற்கென்றே ஒரு பையன் நிற்பான். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால், வருடத்திலேயே அதிகச் சரக்கு உள்ள சமயத்தில்தான் மேல்தளம் நம்மைச் சோதிக்கிறது.

நனைந்த சரக்கின் கதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை கட்டி தட்டிவிடும். வெல்லம் கசிய ஆரம்பித்துவிடும். வத்தலும் நிலக்கடலையும் பூசணம் பிடித்தால் கழித்து விற்பதற்குக்கூட லாயக்கில்லை. பூசணம் பிடித்த கடலையில் நச்சு இருப்பதால் அதைத் தள்ளிவிடத்தான் வேண்டும். நம்மில் பலர் கணக்கில் சேர்க்காத இன்னொரு நஷ்டமும் உண்டு. கெட்டுப்போனது என்று தள்ளுபடி எழுதிய சரக்குக்கு, வாங்கும்போது எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிவிட வேண்டும். சரக்கும் போய் வரியும் போகிறது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சொல்பவர்கள் ஒருமுறை பாலிசியை எடுத்துப் படித்துப் பார்க்கவும். புயலும் வெள்ளமும் அதில் இருக்கும். பழுதான தளத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த மழைநீருக்குப் பணம் கேட்டுப் போனால், பராமரிப்புக் குறை என்று தட்டிக் கழிக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது.

இத்தனை இருந்தும் மேல்தளத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான். "கட்டடம் அவருடையது, அவரல்லவா பார்க்க வேண்டும்?" சட்டப்படி இது சரியான பதில்தான். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலும், கட்டடத்தின் அமைப்பைச் சேர்ந்த பழுதுகள் உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கப்பட்டுள்ளன. குடியிருப்பவர் செய்த சேதத்தால் வந்த பழுது மட்டுமே விலக்கு. ஆனால் நாம் உரிமையாளரிடம் வாய் திறந்து கேட்கிறோமா? கேட்பதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. நான் எழுதிவிடுகிறேன்.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. காலி செய்தால்தான் பழுது பார்க்க முடியும் என்று உரிமையாளர் நிரூபித்தால், குடியிருப்பவர் வெளியேற வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பக் குடிவர உரிமை உண்டு என்று எழுதியிருந்தாலும், அப்படித் திரும்ப வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே நம் தலைமுறை வியாபாரிகளுக்கு ஒரு பயம் ஊறிப்போய்விட்டது. பழுது என்று சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுவார், அதனால் ஒழுகினாலும் சத்தம் போடாதே என்பதுதான் அந்தப் பயம். புதிய சட்டத்திலும் காலி செய்தாலொழிய முடியாத பழுது என்பது ஒரு காரணமாக இருக்கத்தான் செய்கிறது. எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய வாடகையை வாங்கிக்கொண்டு, நமக்காக மேல்தளம் மாற்றிப் போட அவருக்கு மட்டும் என்ன ஆசை இருக்கும்?

இந்தப் பயத்தில் ஒரு பெரிய தப்புக் கணக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

காங்கிரீட் தளம் நன்றாக இருந்து, அதற்கு மேலே உள்ள சுருக்கியும் தட்டோடும் மட்டும் பழுதாகியிருந்தால், மொத்த வேலையும் மாடியிலேயே முடிந்துவிடும். கீழே கடையைச் சாத்த வேண்டியதில்லை. காலி செய்ய வேண்டியதும் இல்லை. அந்தக் கட்டத்தில் கேட்டால் 'காலி செய்தால்தான் வேலை' என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. கேட்காமல் பத்து மழைக்காலம் விட்டுவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, அடியில் உள்ள காங்கிரீட்டைத் தள்ளிக் கீழே விழ வைக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் இன்னும் மோசம். அது தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நிறுத்தி அடுக்கிப் போட்ட மட்டப்பா. கட்டையின் நடுப்பகுதி பார்வைக்குக் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும். அப்புறம் அது காலி செய்தே தீர வேண்டிய பழுதாகிவிடும். கடை கைவிட்டுப் போகக்கூடாது என்று பேசாமல் இருந்தவர், பேசாமல் இருந்ததாலேயே கடையை விடுகிறார்.

எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்றைப் பார்த்தேன். மஞ்சள், மல்லி வியாபாரம். தகப்பனார் காலத்துக் கடை. இருபது வருடம் தார்ப்பாயிலேயே ஓட்டினார். ஒரு கார்த்திகையில் பின்கட்டில் விட்டம் இறங்கியது. ஆள் இல்லாத நேரம், அந்த மட்டும் புண்ணியம். அபாயகரமான கட்டடம் என்று நோட்டீஸ் வந்தது. உரிமையாளரின் வாரிசுகள் எதிர்த்துப் பேசவே இல்லை, இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. எங்கள் மஞ்சள் வியாபாரி ரிங் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். பழைய வாடிக்கையில் பாதி அவரோடு போகவில்லை.

அடுத்தது, என்ன வேலை செய்வது என்ற விஷயம். இதில்தான் காசை வீணடிக்கிறோம். ஒழுகுகிறது என்றதும் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும் அண்ணாச்சி, இதுக்கு மேலேயே ஒரு தளம் போட்டு ஓடு பதிச்சுடலாம், உடைச்சா செலவு கூட" என்பார். நமக்கும் அது இனிப்பாக இருக்கும். சில மாடிகளில் இப்படி மூன்று அடுக்கு ஏறியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூட்டைக் கணக்கில் சொன்னால் நமக்குப் புரியும். 1000 சதுர அடி மாடியில் 3 அங்குல கனத்துக்குச் சுருக்கி போட்டால் 250 கன அடி ஆகிறது. காய்ந்த நிலையிலேயே சுமார் 12 டன் எடை. அதாவது 50 கிலோ மூட்டை 240-ஐ மாடியில் ஏற்றி இறக்காமலே வைத்திருப்பது போல. இது ஒரு அடுக்குக்கு. வாட்டம் சரியில்லாமல் 1 அங்குலம் தண்ணீர் தேங்கினாலும் 2,300 லிட்டருக்கு மேல், அதாவது இன்னும் 47 மூட்டை. ஐம்பது அறுபது வருடத்துத் தளம் எத்தனைக்குத்தான் தாங்கும்?

எடையை விட்டாலும், பழைய அடுக்குக்கும் புதிய அடுக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியே வர வழி இல்லை. அது எங்கேயோ இறங்கி, எங்கேயோ ஓடி, வேறெங்கேயோ சொட்டும். மழை விட்டு நான்கு நாள் கழித்தும் கீழே ஈரம் காய்வதில்லை என்றால் இதுதான் காரணம். ஆகவே என் திட்டமான அபிப்பிராயம், பழைய சுருக்கியை அடித்தளம் தெரியும்வரை முழுவதும் உடைத்து எடுக்க வேண்டும் என்பதே. எடுத்த பின்னால்தான் எங்கே விரிசல், எங்கே கம்பி தெரிகிறது என்பது கண்ணுக்குப் படும். அதைச் சரி செய்து, கரையெடுத்து இரண்டு நாளாவது தண்ணீர் நிறுத்திப் பார்த்து, கீழே ஈரம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் புதுச் சுருக்கியைத் தொட வேண்டும். தளம் நன்றாக இருக்கிறதா என்பதில் சந்தேகம் இருந்தால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். ஒரு மூட்டை பருப்பு விலைகூட ஆகாது.

சுருக்கி என்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். நம் பெரியவர்கள் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பாட்டும் இருக்கும். இப்போது அத்தனை பொறுமை யாருக்கும் இல்லை, சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் இழுத்துவிடுகிறார்கள். அது வெயிலில் வெடிக்கிறது. சுண்ணாம்பு போட்டு நன்றாகத் தட்டி, ஒரு வாரம் பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருந்தால் வெடிப்பு குறையும். அதன்மேல் 9 அங்குலத் தட்டோடு, தண்ணீரில் நன்றாக ஊறிய பிறகு, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமெண்டில் பதிக்க வேண்டும். ஓட்டுக்கு ஓடு இடைவெளியை நிரப்பிப் பூசுவதில்தான் வேலைக்காரரின் யோக்கியதை தெரியும். நமக்கு மானாமதுரை பக்கத்தில் இருப்பதால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாட்டம். 10 அடிக்கு 2 அங்குலமாவது இறக்கம் வேண்டும். நீளமான கட்டடத்தில் நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் இறக்கிவிட்டால் கனம் ஏறாது. தண்ணீர்க் குழாய் இரண்டாவது இருக்கட்டும். ஒன்றை இலையோ சாக்குத் துண்டோ அடைத்தாலும் மற்றது காப்பாற்றும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை நேராக விடாமல் சாய்வாகப் பூசச் சொல்லுங்கள். பாதி ஒழுக்கு அந்த மூலையில்தான் பிறக்கிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 1000 சதுர அடி மாடி என்றால் அதில் விழுந்தது சுமார் 88,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏழு. ஒரே ஒரு குழாய், அதுவும் அடைத்திருந்தால், அந்த மாடி ஊருணிதான்.

சுருக்கியெல்லாம் எதற்கு, வெள்ளையாக ஒரு ரசாயனம் அடித்தால் போதும் என்று இப்போது பலர் வருகிறார்கள். நான் அந்தச் சரக்கை மட்டமாகப் பேசவில்லை. காய்ந்த தளம், சரியான வாட்டம், விரிசல் அடைத்த பிறகு என்றால் அதுவும் வேலை செய்யும். ஈரத் தளத்தின் மேல் அடித்தால் ஒரே வருடத்தில் தோல் உரிவது போல உரிந்துவிடும். சுருக்கியையும் எடுத்துவிட்டு வெறும் காங்கிரீட்டில் பூச்சு மட்டும் என்றால் சித்திரை வெயில் நேராகக் கிட்டங்கிக்குள் இறங்குவதும் கூடிப்போகும். எண்ணெய் டின்னும் வெல்லமும் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். பத்து வருட உத்தரவாதம் என்று ஒரு காகிதம் தருவார்கள். எங்கள் உறவினர் கடைக்கு அப்படித் தந்த ஒரு நிறுவனம், ஒழுகியபோது அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தைக் காட்டியது. 'பொருளுக்கு மட்டுமே, வேலைக்கும் சேதத்துக்கும் அல்ல' என்று பொடி எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.

பணம் யார் போடுவது? எனக்குத் தெரிந்து நடந்து வந்த வழி ஒன்று. 2012-இல் எங்கள் கிட்டங்கிக்கு இப்படித்தான் முடித்தோம். செலவை நான் போட்டேன். மாத வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டு, போட்ட பணம் வந்து சேரும்வரை அப்படியே கொடுத்துவந்தேன். வாடகையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கவும் சம்மதித்தேன். உரிமையாளர் முதலில் மசியவில்லை. நேரில் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். இன்னும் ஐந்து வருடத்தில் உங்கள் தளமே போய்விடும், நான் கேட்பது என் சரக்குக்காக மட்டுமல்ல என்று சொன்னேன். அன்று சாயங்காலமே சம்மதித்துவிட்டார். அதன்பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். இப்போதைய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மேல்தளப் பராமரிப்புக்கு அதிலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சு வாரிசு காலத்தில் நிற்காது.

வேலைக்குக் காலம் மாசி, பங்குனி. சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் மதுரையில் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதற்குப் பிறகு கோடை மழையும் வந்துவிடும். உடைத்துப் போட்ட மாடியில் கோடை மழை பெய்தால் அந்தக் கஷ்டம் எதிரிக்கும் வேண்டாம். பாதி மாடியாகப் பிரித்து, ஒரு பாதி முடிந்தபின் மறுபாதியை உடைக்கச் சொல்லுங்கள். உடைத்த கழிவை அன்றன்றைக்கே இறக்கிவிட வேண்டும், மாடியில் குவித்து வைக்க விடாதீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். கூரைப் பழுது சம்பந்தமாக உரிமையாளரும் வியாபாரியும் கையெழுத்திட ஒரு மாதிரி ஒப்பந்தத்தை, வக்கீலைக் கொண்டு எழுதி அச்சிட்டு அலுவலகத்தில் வைக்கலாம். ஒரே தெருவில் நாலைந்து கடைகள் சேர்ந்து செய்தால் ஓடும் சுண்ணாம்பும் லோடாக வாங்கலாம், மேஸ்திரியும் பேரத்துக்கு இறங்குவார். கீழமாரட் வீதியில் நாங்கள் மூன்று பேர் இந்தப் பங்குனிக்கு ஆயத்தமாக இருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் மாடியின் நீள அகலத்தை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், தை மாதம் கழிவதற்குள் மேஸ்திரியோடு வந்து பார்க்கிறோம்.