சூரியப் புயலும் கிருஷ்ணகிரி ஜில்லாவும்

2024-ம் வருஷம் மே மாதம் 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து எழுந்த பெரும் புயலொன்று பூமியைத் தாக்கிற்று. லடாக்கிலுள்ள ஹான்லேயில் இரவு வானம் செந்நிறமாய் ஒளிர்ந்ததை அங்குள்ள வானாராய்ச்சிச் சாலையின் காமிராக்கள் படம் பிடித்தன. ஜனங்கள் வியந்தார்கள், விஷயமும் அத்துடன் முடிந்தது. அதே தினங்களில் அமெரிக்காவில் விதைப்பில் ஈடுபட்டிருந்த குடியானவர்கள், செயற்கைக் கோள்களை வழிகாட்டியாகக் கொண்டு ஓடும் தங்கள் டிராக்டர்கள் தடுமாறுவதைக் கண்டு வேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள். இந்தச் செய்தி நம் நாட்டில் அதிகமாகப் பேசப்படவில்லை. பர்கூர் வாசிகள் யோசிக்க வேண்டியது வானத்தின் நிறத்தையல்ல, இந்தச் செய்தியையே.

சூரியனில் வெடிப்பு நேருங்கால் அதன் ஒளியும் எக்ஸ் கதிர்களும் எட்டு நிமிஷத்தில் நம்மை எட்டி ரேடியோ அலைகளைக் கெடுக்கின்றன. பின்னால் வருவது மின்னேறிய வாயுப் பிழம்பு. அது வந்து சேர ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அது பூமியின் காந்த மண்டலத்தை உலுக்கும்போது, நெடுந்தூரம் செல்லும் கம்பிகளில் யாரும் செலுத்தாத மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. 1859-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி காரிங்டன் என்ற ஆங்கிலேயர் இத்தகைய வெடிப்பொன்றைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்திற்குள் புயல் வந்துவிட்டது. மேல்நாடுகளில் தந்திக் கருவிகள் பொறி கக்கின. சில இடங்களில் மின்கலங்களைக் கழற்றிய பிறகும் கம்பியில் செய்தி ஓடிற்று. அன்று பம்பாய் கொலாபா ஆராய்ச்சிச் சாலையின் காந்தமானி பதிவு செய்த கணக்கு, அப்புயலின் கடுமையை அளக்க உலக விஞ்ஞானிகளுக்கு இன்றும் முக்கிய ஆதாரம். 1857-ல் இந்தியரை அடக்கத் தந்தி உதவிற்றென்று ஆங்கிலேயர் பெருமை பேசிய இரண்டே வருஷத்தில், அதே சாதனத்தை உலகின் பல பாகங்களில் சூரியன் ஊமையாக்கிற்று!

"இவையெல்லாம் துருவத்தையொட்டிய தேசங்களின் கஷ்டம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்பர். இதில் பாதி உண்மை உண்டு. 1989-ம் வருஷம் மார்ச் 13-ந் தேதி கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்றரை நிமிஷத்தில் இருளில் மூழ்கி, அறுபது லட்சம் ஜனங்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். அது குளிர் நாடு. காந்த மத்தியரேகையோ தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில் செல்கிறது. ஆகையால் நமது மின்மாற்றிகளுக்கு அபாயம் குறைவே. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. 2003-ம் வருஷப் புயலுக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் சில பெரிய மின்மாற்றிகள் பழுதுற்றதை அந்நாட்டு எஞ்சினீயர்களே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அது துருவ தேசமா? மேலும், 2012-ம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தபோது நாம் தப்பினோம். நமது தொகுப்பு அப்பொழுது தனித்து இயங்கிற்று. 2013-ம் வருஷக் கடைசி நாளில் ராய்ச்சூர்-சோலாப்பூர் மார்க்கமாகத் தென்னாடும் ஒரே தொகுப்பில் இணைந்துவிட்டது. இணைப்பினால் விளைந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் எங்கோ நேரும் கோளாறு இங்கும் வந்து சேர வழி ஏற்பட்டிருக்கிறது.

மின்சாரம் நின்றால் நமது ஜில்லாவில் விளக்கைவிட முக்கியமான ஒன்று நிற்கும், அது குடிநீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்து வந்தது பிரசித்தம். அதற்குப் பரிகாரமாகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013-ல் தொடங்கிற்று. காவிரி நீர் இம்மேட்டு நிலத்துக்குத் தானே ஏறி வருவதில்லை, பம்புகள் ஏற்றுகின்றன. இரண்டு நாள் பம்பு நின்றால் தாய்மார்கள் எந்தக் கிணற்றை நாடுவார்கள்? பழைய புளோரைடுக் கிணற்றைத்தானே! அதில் இறைக்கவும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டுமே!

அடுத்தது நேரம். செயற்கைக் கோள்கள் இடத்தை மட்டுமன்றி நேரத்தையும் சொல்லுகின்றன. கைப்பேசிக் கோபுரங்கள் பலவும், மின்தொகுப்பை அளக்கும் கருவிகளும் அந்த நேரத்தைக் கொண்டே ஒத்து இயங்குகின்றன. பர்கூர் ஜவுளிக் கடைகளில் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதும், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டியின் கட்டணம் தானே கழிவதும் இத்தகைய தொடர்புகள் அறாதிருக்கும் வரையில்தான். மத்தியரேகையை அடுத்த பிரதேசங்களில் மேல்வானத்தின் மின்மண்டலம் சாதாரண நாட்களிலேயே அமைதியற்றது. ஆகவே நமது முதல் அபாயம் இங்கேதான். நமது தேசம் நாவிக் என்ற சொந்தக் கோள் வரிசையை அமைத்தது பெருமைக்குரியதே. அயல்நாட்டில் வாங்கிய அணுக் கடிகாரங்கள் அதில் பல பழுதாகிவிட, 2023-ம் வருஷம் மே 29-ந் தேதி சுதேசிக் கடிகாரமொன்றும் விண்ணேறிற்று. ஆனால் சுதேசிக் கோளென்று சூரியன் தாட்சண்யம் பார்க்குமா? தரையிலும் ஒரு நேரம் வேண்டும். பெங்களூர் உட்பட ஐந்து ஊர்களில் அணுக் கடிகாரம் வைத்து இந்திய நேரத்தைப் பரப்ப மத்திய சர்க்கார் வகுத்த திட்டம் இதற்கு ஏற்றது. ஊருக்கெல்லாம் கைக்கடிகாரம் செய்து அனுப்பும் ஓசூர் அந்த நேரத்தை முதலில் கேட்டு வாங்க வேண்டாமா?

எச்சரிக்கைக்குக் குறைவில்லை. 2023-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சூரியனைக் கவனித்து நிற்கிறது. அத்திட்டத்தின் டைரக்டர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்பது தமிழருக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் புயல் அவ்விடத்தைத் தாண்டிய பிறகு நமக்கு மிஞ்சுவது கால் மணி முதல் ஒரு மணி நேரமே. அதற்குள் செய்தி எந்த அதிகாரியிடம் வரும்? அவர் எந்த பம்பை, எந்த ஆஸ்பத்திரியை முதலில் கவனிப்பார்?

சட்டத்தில் இடமில்லையென்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 2-வது பிரிவு, இயற்கைக் காரணத்தால் நேரும் எந்தப் பெருங்கேட்டையும் பேரிடரென்றே கொள்ளுகிறது. அந்த இயற்கை பூமிக்குள்தான் இருக்கவேண்டுமென்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 31-வது பிரிவின்படி ஜில்லாவுக்கென்று ஒரு திட்டம் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே கலெக்டர் அவர்களிடம் நாம் கோருவது அதிகமல்ல. அடுத்த முறை புதுப்பிக்கும்போது சூரியப் புயலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். ஒகேனக்கல் நீரேற்று நிலையங்களுக்கு எத்தனை மணி நேர டீசல் கையிருப்பு, கைப்பேசி மௌனமானால் தாலூகா ஆபீசுகளுக்குத் தகவல் செல்லும் வழி எது, எந்த ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடும் என்ற மூன்று விவரங்களும் அதில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டட்டும்.