கேனரிக்குச் செல்லு பிடிச்சா பாச்சா உருண்டையா மருந்து?

போன தடவை ஷேர் ஆட்டோவில் பயணம் செய்வது பற்றி எழுதினேன். இந்தத் தடவை செல்லுப்பூச்சி. சிரிக்காதீங்க, விஷயம் கொஞ்சம் சீரியஸ்தான்.

எங்க வீட்டில் ஒரு கேனரி இருக்கிறது. மஞ்சள் நிறம், ஆண். மதுரையில் ஒரு கடையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து வாடிப்பட்டிக்குக் கொண்டு வந்தது. காலையில் அது பாடுகிற பாட்டுக்குத்தான் நான் எழுந்திருப்பேன். திடீரென்று ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டது. கடையில் கேட்டேன். "இறகு உதிர்க்கிற நேரம் தம்பி, தானா சரியாயிரும்" என்றார்கள். இறகு உதிர்க்கும்போது கேனரி பாடாது என்பது உண்மைதான். ஆனால் இது ராத்திரி முழுக்கத் தூங்காமல் உடம்பைக் கொத்திக்கொண்டே இருந்தது. இறகு உதிர்க்கிற பறவை பகலிலும் கொத்தும். ராத்திரி மட்டும் நிம்மதி இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது வேறு ஒன்றை.

கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மாச்சி. "ஏம்ப்பா, குருவியக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல வச்சா செல்லு ஏறாம என்ன பண்ணும்?" என்று ஒரே கேள்வி. அன்று ராத்திரி கூண்டை வெள்ளை வேட்டியால் மூடி வைத்தேன். விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தால் வேட்டி மடிப்பில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாய் நகர்கிறது. ஒன்றை நசுக்கினால் ரத்தக் கறை. என் கேனரியின் ரத்தம்!

இந்தச் சிவப்புச் செல்லு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியோடு இருந்தால் சாம்பல் நிறம், குடித்த பிறகுதான் சிவப்பு. பகலில் பறவை மேல் இருக்காது. உட்காரும் குச்சியின் முனை, கூண்டின் இடுக்கு, சுவர் விரிசல் இங்கேதான் பதுங்கும். அதனால்தான் பகலில் பறவையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்கிறோம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஒரு வாரமே போதும். ரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். இருபது கிராம் எடையுள்ள பறவையிடம் ரத்தம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

கடைக்காரர் அடுத்துச் சொன்ன வைத்தியம்தான் என்னை இதை எழுத வைத்தது. கூண்டுக்குள் ரெண்டு பாச்சா உருண்டை போடச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1986 வரைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கேனரியைக் கொண்டு போனார்களே, எதற்கு? விஷவாயு இருந்தால் மனிதனுக்கு முன்னால் அது சுருண்டு விழும் என்பதற்காக. அப்படிப்பட்ட மூச்சு உள்ள பறவையின் மூக்குக்கு நேரே பாச்சா உருண்டையா?

இன்னொரு வைத்தியம் இதைவிட மோசம். என் நண்பன் ஒருவன் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை வாங்கி, தன் கேனரியின் கழுத்தில் ஒரு சொட்டு விட்டான். மறுநாள் காலை பறவை இல்லை. மருந்து கெட்ட மருந்து இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. கணக்குத்தான் தப்பு. ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லி என்பது 50 கிலோ எடைக்கு. அதே கணக்கில் பார்த்தால் 2500 கேனரிக்கு! ஒரு சொட்டு என்றாலே நூறு மடங்குக்கு மேல். "ஒரே ஒரு சொட்டுதானேடா" என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் கூண்டோடு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். வரிசையில் முன்னால் ஆடு, பின்னால் கன்றுக்குட்டி. "இந்தக் குருவிக்கா தம்பி பஸ் ஏறி வந்த?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. நன்றாக நீர்த்த மருந்தைப் பின்கழுத்துத் தோலில் வைத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். முட்டைக்குள் இருப்பதை மருந்து கொல்லாதாம். காலில் செதில் தடித்திருக்கிறதா என்றும் பார்த்தார். அது வேறு வகைப் பூச்சி, தோலுக்குள்ளேயே குடியிருப்பது. லவ் பேர்ட்ஸுக்கு அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரி வருவதும் அந்த இனம்தான். மூச்சு விடும்போது 'டிக் டிக்' சத்தம் வந்து வாலும் ஆடினால் பூச்சி மூச்சுக்குழாயில். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

என் கருத்து இதுதான்: பறவைக்குப் பார்ப்பது பாதி வைத்தியம்கூட இல்லை, கூண்டுக்குத்தான் முழு வைத்தியம். கொதிக்கிற தண்ணீரில் கூண்டைக் கழுவினேன், குச்சிகளை எரித்துவிட்டுப் புதிது வைத்தேன். கோழிக்கூட்டுக்கு அம்மாச்சி சுண்ணாம்பு அடித்தார், விரிசல் எல்லாம் அடையும்படி. வருஷா வருஷம் அடித்துக்கொண்டிருந்ததுதானாம். "வெள்ளையடிச்சு என்ன ஆகப் போகுது" என்று மூன்று வருஷம் முன்பு நிறுத்தச் சொன்ன புத்திசாலி நான்தான் :-)

இரண்டாவது தடவை மருந்து வைத்தாகிவிட்டது. வேட்டியில் இப்போது புள்ளி இல்லை. பாட்டு இன்னும் வரவில்லை. நேற்றுக் காலையில் மட்டும் தொண்டையைச் செருமுகிற மாதிரி ரெண்டு சத்தம் கேட்டது.