கரையில் தெரியும் கணக்கு

லாக் கேபின் க்வில்ட்டைப் பற்றி யாரேனும் பேசத் தொடங்கினால், இரண்டாவது வாக்கியத்திலேயே அதன் நடுவிலிருக்கும் சிவப்புச் சதுரம் வந்துவிடுகிறது. அது வீட்டின் கணப்பு, சுற்றியுள்ள பட்டைகள் குடிலின் மரக்கட்டைகள், வெளிர்நிறப் பாதி வெயில் விழும் பக்கம், அடர்நிறப் பாதி நிழல். அழகான விளக்கம்தான். எங்களில் இருவர் வசிக்கும் அமெரிக்கச் சிற்றூரின் நூலகத்தில், சென்ற குளிர்காலத்தில் இப்படியொரு போர்வையை மாட்டி, அதன் கீழே வைத்த அட்டையில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். நடுச்சதுரம் கறுப்பாக இருந்தால், தப்பியோடும் அடிமைகளுக்கு அடைக்கலம் தரும் வீடு அது என்பதற்கான ரகசியச் சைகையாம். அட்டையைப் படித்தவர்கள் நெகிழ்ந்து நகர்ந்தார்கள். போர்வையை யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிய மனத்தாங்கலே இக்கட்டுரை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுவோம். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் க்வில்ட். மேல்துணியைத் துண்டுத் துணிகளால் உருவாக்கும் முறைகளுள் லாக் கேபின் ஒன்று. சிறு சதுரம் ஒன்றை நடுவில் வைத்து, அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, திருப்பி அடுத்த பக்கத்தில் சற்றே நீண்ட பட்டை எனச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போகவேண்டும். அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிர்நிறமும் எஞ்சிய இரண்டில் அடர்நிறமும் வருவதால், முடிந்த கட்டம் மூலைவிட்டமாக இரண்டாகப் பிரிந்து தெரியும். கட்டங்களை எப்படித் திருப்பி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்து, ஒன்றுக்குள் ஒன்றான சாய்சதுரங்களோ உழவுசால் போன்ற சாய்கோடுகளோ கிடைக்கும். பட்டைகளை எதிரெதிர்ப் பக்கங்களில் தைத்தால் அதற்கு ‘நீதிமன்றப் படிகள்’ என்று பெயர். விதி இவ்வளவுதான். இத்தனை சிறிய விதியிலிருந்து இத்தனை விதமா என்பதே எங்களின் முதல் வியப்பு.

அட்டையிலிருந்த கதைக்கு வருவோம். அடிமைகளுக்கான போர்வைச் சைகை என்ற கதை பெரிதும் பரவக் காரணம், 1999இல் ஜாக்குலின் டோபினும் ரேமண்ட் டோபர்டும் எழுதிய ‘ஹிட்டன் இன் ப்ளெயின் வியூ’ என்ற நூல். சார்ல்ஸ்டன் சந்தையில் க்வில்ட் விற்ற முதிய பெண்மணி ஒருவர் சொன்ன குடும்பக் கதையே அந்நூலின் அடிப்படை. தப்பிவந்தவர்கள் தம் வாழ்வை எழுதியும் சொல்லியும் விட்டுச்சென்ற பதிவுகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் இதற்கு ஆதாரம் இல்லை என்பதை வரலாற்றாய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, லாக் கேபின் அமெரிக்காவில் பரவலானதே 1860களிலும் அதற்குப் பிறகும்தான். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அதே ஆண்டில் அடிமைமுறையும் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சிவப்புக் கணப்பின் கதையும் இப்படித்தான். பழைய போர்வைகளை வரிசையாகப் பார்த்தால் நடுச்சதுரம் எல்லா நிறங்களிலும் இருக்கிறது.

நெகிழ்வூட்டும் கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால் அந்தக் கதை யாரை மறைக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா? உயிரைப் பணயம் வைத்துத் தம் அறிவாலும் துணிவாலும் தப்பியவர்களைக் கொடியில் தொங்கும் போர்வையைப் பார்த்து நடந்தவர்களாக அது சுருக்கிவிடுகிறது. போர்வையைத் தைத்தவளையோ வெறும் சைகை காட்டுபவளாக்கிவிடுகிறது. அவள் எந்தத் துணியை எதனருகே வைத்தாள், அளவு பிசகியபோது என்ன செய்தாள் என்று கேட்க ஆளில்லை. குறியீடு கிடைத்த கணத்தில் பார்ப்பது நின்றுவிடுகிறது. இந்த நோய் நமக்கும் புதிதல்ல. கதையில் ஒரு ஜன்னல் திறந்துவிட்டால் போதும், நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகள் அதற்குள் தலையை விட்டு விடுதலையைத் தேடத் தொடங்கிவிடும். அந்த ஜன்னல் வழியாகக் கதையில் யாருக்காவது காற்று வந்ததா என்பது அடிக்குறிப்பில்கூட இராது.

மாறாக, லாக் கேபினைத் தையலாகவே வாசித்த ஒரு படைப்பு உண்டு. சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய ‘ட்ரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகம் அது. அதையே அடுத்த ஆண்டு சிறுகதையாகவும் எழுதினார். இளம் நிருபராக இருந்தபோது, 1900இல் அயோவா மாநிலப் பண்ணையொன்றில் நடந்த கொலை வழக்கைப் பற்றி அவர் செய்தி எழுதியிருந்தார். நாடகத்தில், கணவன் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடக்கிறான், மனைவி சிறையில். ஆண்கள் வீடெங்கும் கொலைக்கான காரணத்தைத் தேடி அலைய, அடுக்களையில் நிற்கும் இரு பெண்கள் அவள் பாதியில் விட்டுப்போன லாக் கேபின் கட்டங்களை எடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் சீராகத் தைத்தவை. ஒன்றில் மட்டும் தையல் கன்னாபின்னாவென்று போயிருக்கிறது. அந்த ஒரு கட்டத்திலிருந்து அவர்கள் நடந்ததை உணர்ந்துகொள்கிறார்கள். ஒருத்தி சட்டென்று அந்தத் தையலைப் பிரித்துத் திருத்தத் தொடங்கிவிடுகிறாள். அதாவது, சாட்சியத்தை அழிக்கிறாள். இவள் இதைக் குறுக்கே தையலோட்டி முடிக்க நினைத்தாளா, முடிச்சிட்டா என்று பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு ஆண்கள் சிரிக்கிறார்கள். அது சிரிப்புக்குரிய கேள்வியே அல்ல. லாக் கேபினில் தையல் மடிப்புகள் நெருங்கி வரும். பல சமயம் அடியில் ஒரு தாங்குதுணியும் வைத்துத் தைப்பார்கள். தடிப்பின் மேல் ஊசி ஏறாது. ஆகவே ஆங்காங்கே முடிச்சிட்டு விடுவது பழைய வழக்கம். கிளாஸ்பெல்லுக்கு இது தெரிந்திருந்தது. நாடகத்தின் கடைசிச் சொற்கள் அந்த முடிச்சில்தான் போய் நிற்கின்றன.

நிற்க. தையலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் தைத்துப் பார்க்கவேண்டாமா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. தைத்தோம். மூன்றங்குலச் சதுரம், அதைச் சுற்றி ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்று சுற்று. ஆக, கட்டம் 12 அங்குலம். அகலத்தில் ஐந்தும் நீளத்தில் ஆறுமாக முப்பது கட்டங்கள், 60க்கு 72 அங்குலம். முப்பதையும் எங்களில் ஒருவரே தைத்தார். பழைய லாக் கேபின்கள் பலவற்றுக்குக் கரையே கிடையாது. ஆனால் பட்டைகள் மீந்துவிட்டதால், அவற்றையே பியானோக் கட்டைகள்போல நெருக்கி நிறுத்திக் கரையாக்கலாம் என்று தீர்மானித்தோம். மேலும் கீழும் நாற்பது நாற்பது, பக்கங்களில் நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டு, மொத்தம் 176 பட்டைகள். நான்கு மூலைகளிலும் கட்டங்களின் நடுவில் வைத்த அதே மூன்றங்குலச் சதுரம்.

கரையை இன்னொருவர் தைத்தார். துல்லியமான கை. மேல்கரை அளவுகோல் வைத்தாற்போல 60 அங்குலம் வந்தது. பொருத்திப் பார்த்தால் இரண்டு அங்குலம் மிஞ்சியது! கட்டங்களைத் தைத்தவர் தையலுக்கு விடவேண்டிய கால் அங்குலத்தை ஒவ்வொரு முறையும் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கூடுதலாக விட்டிருந்தார். நூலிழை அளவுதான். ஆனால் ஒரு தையலில் இரு துணிகளும் அவ்வாறு சுருங்கும். ஒரு வரிசையைக் குறுக்கே கடக்க 34 தையல்கள். 60 அங்குலம் 57 அங்குலம் முக்காலே அரைக்கால் ஆகிவிட்டது. நடுப்பகுதியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் பரவியிருந்த பிசகு, கரை வந்ததும் மொத்தமாகக் கணக்குக் கேட்டது. ஒரே துணியில் கரை வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுப்பகுதியை அளந்து அதற்கேற்ப வெட்டிக்கொள்ளலாம். துண்டு சேர்த்த கரையை அப்படி வெட்டினால் கடைசிப் பட்டை பாதியில் நிற்கும்.

நியதிப்படி, நடுவுக்கும் கரைக்கும் இடையே ஒடுங்கிய துணிப்பட்டை ஒன்றை வைத்து அளவைச் சரிக்கட்டலாம். நாங்கள் வேறொன்று செய்தோம். கரையைப் பிரித்து, கட்டங்களைத் தைத்தவரிடமே கொடுத்தோம். அவர் தன் வழக்கப்படியே தவறாகத் தைத்தார். நாற்பது பட்டைகளுக்கு 39 தையல்கள். ஏறத்தாழ இரண்டரை அங்குலம் சுருங்கி 57 அங்குலம் அரையும் கொஞ்சமும் வந்தது. நடுப்பகுதிக்கும் கரைக்கும் இப்போது வேறுபாடு கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பல தையல்களில் இம்மியளவு தளர்த்தியதும் கரை படிந்து உட்கார்ந்தது.

இதன் பிறகு, அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைத்த ‘ஹவுஸ்டாப்’ போர்வைகளின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த அப்பெண்கள், தேய்ந்த வேலைத்துணிகளைக் கொண்டு, பல வேளைகளில் போர்வை முழுவதையும் ஒரே பெரிய லாக் கேபின் கட்டமாக வளர்த்துவிடுகிறார்கள். கடைசிச் சுற்று கரையா, கட்டமா? சொல்ல முடியாது. ஒரு பக்கம் குறைந்தால் அடுத்த பட்டையை அகலமாக வைத்துவிடுகிறார்கள். 2002இல் அவை ஹூஸ்டனிலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கியபோது நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். 2006இல் தபால்தலைகளும் வந்தன. புகழ் தகும். ஆயினும் ஓவியர்களின் பெயர்களை அடுக்கிய மதிப்புரைகளைவிட, அந்த அகலமான பட்டையை ஏன் அங்கே வைத்தாள் என்று கேட்கும் ஒரு பத்தி எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

எங்கள் போர்வையை முடிச்சிட்டே முடித்தோம். பார்க்க வந்த நண்பர் ஒருவர், நடுச்சதுரங்களும் மூலைகளும் மஞ்சளாக இருக்கின்றனவே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். சிவப்புத் துணி தீர்ந்துவிட்டது என்றோம். அவர் நம்பவில்லை.